வெள்ளைக் கல் தெரியும் பக்கம் – 14: சொல்லிவிட்டு வந்த சொல்

பெட்டி மூடவில்லை.

டீச்சர் அதன்மேல் முழங்காலை வைத்து அழுத்திப் பார்த்தார். ஏறி உட்கார்ந்தும் பார்த்தார். ஜிப் முக்கால்வாசி தூரம் வந்து, அதற்குமேல் வர மாட்டேன் என்று நின்றுவிட்டது.

"பள்ளிக்கூடத்தையே மடிச்சு உள்ள வச்சுட்டியா?" என்று வாசலில் நின்றபடி கேட்டார் அவருடைய கணவர். காதில் பென்சில் செருகியிருந்தது. ஊருக்குக் கிளம்புகிற நாளிலும் அந்தத் தச்சருக்குப் பென்சிலை எடுக்க மனம் வரவில்லை.

"கிண்டல் அப்புறம். இந்த ஓரத்தைப் பிடிங்க."

"பிடிச்சா மட்டும் மூடிடுமா? எதையாவது வெளிய எடு. மரமா இருந்தா இழைச்சு விட்டுடுவேன். துணியை என்ன பண்றது?"

டீச்சர் பெட்டியைத் திறந்தார். அடியில், பிறக்கப்போகும் பேரக்குழந்தைக்கு அவரே பின்னிய தொப்பிகளும் காலுறைகளும் இருந்தன. அவற்றின்மேல் கைவைக்க முடியாது. மேலாகக் கிடந்த மஞ்சள் சால்வையை உருவி எடுத்தார். பெட்டி சாதுவாக மூடிக்கொண்டது.

"இதை யாருக்குக் கொடுக்கப்போற, தெரியுமா?" என்றார் தச்சர்.

"யாருக்கு?"

"வாயாடிக்கு."

டீச்சர் சிரித்தார். அவர் மனதில் இருந்ததும் அதுதான்.

இருவரும் இந்த நாட்டுக்கு வந்து ஒரு குளிர்காலம் முழுசாகக் கழிந்துவிட்டது. கணக்கு சொல்லிக்கொடுத்தே தலை நரைத்து ஓய்வுபெற்றவர் டீச்சர். சண்டை ஓய்ந்து மெல்ல எழுந்து உட்காரும் ஒரு நாட்டில், சம்பளமில்லாமல் பாடம் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும் என்று ஒரு தொண்டு நிறுவனம் கேட்டபோது, உடனே சரி என்று சொல்லிவிட்டார். 'நீ போனா நானும் வரேன். அங்க உட்கார பெஞ்சு இருக்கோ இல்லையோ' என்று உளியையும் இழைப்புளியையும் சாக்கில் சுற்றிக்கொண்டு தச்சரும் கூடவே வந்தார்.

பெஞ்சு இல்லைதான். குண்டுகள் வந்திறங்கிய மரப்பெட்டிகள் மட்டும் மலைபோலக் கிடந்தன. அவற்றை இழைத்து, மேலே அச்சடித்திருந்த எழுத்துகள் மறையும்வரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பள்ளிக்கூடம் முழுவதற்கும் அவர் பெஞ்சு செய்தார். இன்றைக்கு அதே பலகைமேல் குழந்தைகள் பெருக்கல் போடுகிறார்கள். கடவுள் ஒரு பொருளை எதற்காகப் படைக்கிறார் என்பது, அது கடைசியில் யார் கைக்குப் போய்ச் சேர்கிறது என்பதில்தான் தெரியும்.

போன வாரம் எல்லாம் தலைகீழானது. முதலில் மழை. பள்ளிக்கூடத்தின் பின்பக்கச் சரிவில், ஓடைவரைக்கும், கண்ணிவெடி எடுப்பவர்கள் வரிசையாகக் கல் வைத்திருந்தார்கள். ஒவ்வொரு கல்லிலும் ஒரு பாதி வெள்ளை, மறுபாதி சிவப்பு. வெள்ளை தெரிந்தால் நீ நிற்கும் இடம் பத்திரம். சிவப்பு தெரிந்தால் நீ நிற்கக்கூடாத இடத்தில் நிற்கிறாய். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் அது பாடம். அந்த மழையில் கற்கள் பல உருண்டு போய்விட்டன. மறுநாளே எங்கிருந்தோ ஓர் ஆடு சரிவில் இறங்கியது. ஒரு சத்தம். அதற்குப்பின் ஆடு இல்லை.

அந்தச் சத்தம் காதைவிட்டுப் போவதற்குள் ஊரிலிருந்து மகளின் தொலைபேசி. ஏழாம் மாதம். இரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது. படுத்தே இருக்கச் சொல்லிவிட்டார் டாக்டர். முதல் குழந்தையை இதே மாதத்தில்தான் அவள் இழந்திருந்தாள்.

'அம்மா, நீ வந்துடு' என்று மட்டும் சொன்னாள்.

இன்றைக்கு ஜீப். நாளைக்கு விமானம்.

"பிள்ளைங்ககிட்ட என்ன சொல்லப்போற?" என்று தச்சர் கேட்டார்.

"போயிட்டு வரேன்னு சொல்லப்போறேன்."

"வரப்போறியா?"

டீச்சர் மஞ்சள் சால்வையை மடித்து வைத்தார்.

"போறேன்னு சொல்லிடேன். அதுதானே நிஜம்."

"அந்த வார்த்தை என் வாயில வராதுங்க. அடுத்த தெருவுக்குப் போனாலும் போறேன்னு சொன்னா எங்கம்மா வாயிலயே போடுவாங்க. அதெல்லாம் நாக்குலயே ஊறிடுச்சு. நேத்தே சமையல்காரம்மாகிட்ட கேட்டு வச்சுட்டேன், இவங்க மொழியில போயிட்டு வரேனுக்கு என்னன்னு."

"சொன்னாங்களா?"

"கொஞ்சம் யோசிச்சாங்க. அதை இப்ப யாரும் சொல்றதில்லைன்னாங்க. பழைய காலத்து வார்த்தை போல. அப்புறம் சொல்லிக்கொடுத்தாங்க. நல்லா இருக்கு கேட்க. வாய் நிறைய வருது."

தச்சர் பென்சிலைக் காதிலிருந்து எடுத்துச் சட்டைப்பையில் வைத்தார். அதற்குமேல் அவரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

* * *

வகுப்பறையில் அன்றைக்கு இரைச்சல் அதிகம். டீச்சர் உள்ளே வந்ததும் இரண்டு கைகளையும் சேர்த்து 'டப்' என்று ஒரு தட்டுத் தட்டினார். தட்டிய கையைப் பிரிக்காமல் மார்புக்கு நேராக வைத்துக்கொண்டார்.

அறை உறைந்தது. பென்சில் சீவியவள் சீவியபடி. கொட்டாவி விட்டவன் திறந்த வாயோடு.

இது டீச்சர் கண்டுபிடித்த ஆட்டம். வந்த புதிதில், கதவு சாத்தும் சத்தம் கேட்டாலே பிள்ளைகள் எழுந்து கண்மண் தெரியாமல் வெளியே ஓடினார்கள். வெளியே ஓடுவதுதான் இங்கே ஆபத்து. அதனால், சத்தம் கேட்டால் ஓடக்கூடாது, நிற்கவேண்டும் என்பதையே விளையாட்டாக்கினார். டீச்சரின் கைகள் சேர்ந்திருக்கும்வரை யாரும் அசையக்கூடாது. வாய்க்கு மட்டும் தடை இல்லை. கை பிரிந்தால்தான் கால் பிரியலாம்.

'தினமும் பிள்ளைங்க முன்னாடி கும்பிட்டுக்கிட்டே நிக்கற. கோயில்ல கூட நீ இவ்வளவு நேரம் நின்னு நான் பார்த்ததில்ல' என்பார் தச்சர்.

'இங்கேயும் அவர்தான் இருக்கார்' என்பார் டீச்சர்.

கைகளைப் பிரித்தார். எல்லோரும் கலகலவென்று சிரித்து உட்கார்ந்தார்கள்.

வாயாடி மூன்றாவது பெஞ்சில் இருந்தாள். அந்தப் பெயர் தச்சர் வைத்தது. அவள் பேசவே மாட்டாள் என்பதால் வைத்தது. சமையல்காரம்மாவின் அக்கா மகள். அம்மா இல்லை. கணக்குப் போடுவாள், எழுதுவாள், தலையாட்டுவாள். இந்தக் குளிர்காலம் முழுவதும் டீச்சர் அவள் குரலைக் கேட்டதில்லை.

டீச்சர் பலகையைத் துடைத்தார். பிறகு திரும்பி நின்று, நேற்றுக் கற்ற வார்த்தையை, வாய் நிறைய, தெளிவாகச் சொன்னார்.

போயிட்டு வரேன்.

அறை அமைதியானது. கை தட்டாமலேயே.

டீச்சர் கண்களை மூடித் திறந்தார். அழுவார்கள் என்று நினைத்திருந்தார். சேலைத் தலைப்பைக்கூடத் தயாராகப் பிடித்திருந்தார். ஆனால் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஏதோ பண்டம் கிடைத்தது போல ஒரு புன்னகை ஒரு பெஞ்சிலிருந்து அடுத்த பெஞ்சுக்குப் பரவியது. பிறகு எல்லோரும் குனிந்து விட்ட இடத்திலிருந்து கணக்கைத் தொடர்ந்தார்கள்.

பிடித்திருந்த சேலைத் தலைப்பை டீச்சர் மெல்லக் கீழே விட்டார்.

வாயாடி எழுந்து வந்தாள். டீச்சர் அந்த மஞ்சள் சால்வையை அவள் தோளில் சுற்றிவிட்டார். அது அவள் கணுக்கால்வரை தொங்கியது. அவள் சால்வையைப் பார்க்கவில்லை. டீச்சரின் முகத்தையே பார்த்தாள்.

"எந்த வழியா?" என்று கேட்டாள்.

முழு வகுப்பும் தலையை நிமிர்த்தியது. டீச்சருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. கடவுளே, பேசிவிட்டாள்! கிளம்புகிற நாளிலாவது கேட்கக் கொடுத்துவைத்ததே! அந்த ஆனந்தத்தில், என்ன கேட்டாள், ஏன் கேட்டாள் என்பது மனதில் ஏறவே இல்லை. கையை நீட்டிப் பின்பக்க ஜன்னலைக் காட்டினார். ஓடைக்கு அப்பால், மலையை வளைத்துப் போகும் சாலை.

"அதோ, அந்த வழியா."

வாயாடி ஜன்னல்வரை நடந்துபோய் அந்தச் சாலையை நெடுநேரம் பார்த்தாள். பிறகு தலையை ஆட்டினாள்.

* * *

"ஒருத்தர்கூட அழலைங்க," என்றார் டீச்சர், ஜீப் மலைச்சாலையில் ஏறியதும்.

"நீ கொடுத்த வீட்டுப்பாடம் அப்படி. விட்டது சனியன்னு இருந்திருக்கும்."

"விளையாடாதீங்க. மனசு கேட்கல."

"சரி, வாயாடி பேசினாளே, அது போதாதா? கண்ணீரை மூட்டை கட்டி எடுத்துட்டுப் போய் என்ன பண்ணப்போற? பெட்டியிலதான் இடமே இல்லையே."

டீச்சர் சிரிக்கப் பார்த்தார். சாலையோரம் எரிந்துபோன வண்டிகளின் கூடுகள் துருப்பிடித்துக் கிடந்தன. ஒரு வீட்டுக்குக் கூரை இல்லை. ஆனால் ஜன்னலுக்குத் திரை போட்டிருந்தார்கள்.

ஓட்டுநர் அதிகம் பேசாத மனிதர். நெடுந்தூரம் வந்தபிறகு, கண்ணாடி வழியாகப் பார்த்து, தன் மொழியில் மெல்லக் கேட்டார்.

"டீச்சர், உங்களை விமான நிலையத்துலதானே விடணும்?"

"ஆமா. ஏன்?"

"இல்ல. பிள்ளைங்க என் வண்டியைச் சுத்தி நின்னுட்டாங்க. சாயங்காலம் டீச்சரைப் பத்திரமா திருப்பிக் கூட்டிட்டு வரணும்னு ஆளாளுக்குச் சொன்னாங்க. எனக்குக் குழப்பமாயிடுச்சு."

டீச்சர் தச்சரைப் பார்த்தார். அவருக்கு அந்த மொழி பாதிதான் புரியும்.

"என்னவாம்?"

டீச்சர் ஓட்டுநரிடம் குனிந்தார். "அவங்க ஏன் அப்படிச் சொன்னாங்க? நான் போயிட்டு வரேன்னுதானே சொன்னேன்?" என்று அந்த வார்த்தையைத் திரும்பச் சொன்னார்.

ஜீப் லேசாக ஒரு பக்கம் இழுத்தது. ஓட்டுநர் வண்டியைச் சாலை ஓரத்தில் நிறுத்திவிட்டார்.

"இந்த வார்த்தையை உங்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தது?"

"சமையல்காரம்மா. பழைய வார்த்தைன்னு..."

"பழசு இல்ல டீச்சர். நாங்க விட்டுட்டோம்." அவர் திரும்பி உட்கார்ந்தார். "எங்க மொழியில போறதுக்கு ரெண்டு வார்த்தை. ஒண்ணு சும்மா போறது. இன்னொண்ணு, விளக்கேத்தறதுக்குள்ள வந்துடுவேன், நீ சாப்பிடாம எனக்காகக் காத்திருன்னு சொல்றது. சண்டைக் காலத்துல அதைச் சொல்லிட்டுப் போனவங்க வரவே இல்ல. வீட்டுல இருக்கறவங்க சாப்பிடாம வாசல்லயே உட்கார்ந்திருப்பாங்க. பார்க்க முடியல. அதனால ஊர்ல ஒருத்தர் ஒருத்தரா அதைச் சொல்றதை நிறுத்திட்டோம். இப்பல்லாம் கடைக்குப் போனாலும் போறேன்னுதான் சொல்லுவோம். அதைச் சொல்லி நான் கேட்டு எத்தனையோ வருஷம் ஆச்சு."

டீச்சரின் கை இருக்கையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டது.

அதனால்தான் யாரும் அழவில்லை. அதனால்தான் அந்தப் புன்னகை. சண்டை நின்றுவிட்டது என்று பெரியவர்கள் எத்தனையோ தடவை சொல்லியிருப்பார்கள். இன்றைக்குத்தான் பிள்ளைகள் நம்பியிருக்கிறார்கள். அந்த வார்த்தையை மறுபடியும் ஒருவர் சொல்லிவிட்டாரே!

"அந்தச் சின்னப் பொண்ணோட அம்மா," என்றார் ஓட்டுநர், "ஓடைக்குத் தண்ணி எடுக்கப் போறப்ப அதைத்தான் சொல்லிட்டுப் போனா. அந்த ஓடைக்குத்தான்."

எந்த வழியா?

நீட்டிய தன் கை இப்போது டீச்சரின் கண்முன் நின்றது. ஜன்னல். சரிவு. உருண்டுபோன கற்கள். ஓடையின் நடுவில் துணி துவைக்கிற பெரிய பாறை. அங்கே ஏறி நின்றால் மலைச்சாலையின் வளைவு தெரியும். வருகிற வண்டி எது என்று பார்க்கலாம்.

"ஏங்க," என்றார் டீச்சர். கணவரின் கையைப் பிடித்தார். "ஏங்க, நான் தப்பு பண்ணிட்டேன்."

* * *

அந்தக் குறுகிய சாலையில் ஜீப்பைத் திருப்ப இடம் அடுத்த சோதனைச்சாவடியில்தான் இருந்தது. அங்கே வந்ததும் தொலைபேசியில் சிக்னல் வந்தது. வந்த வேகத்திலேயே மணி அடித்தது.

"அம்மா, எங்க இருக்க?" மகளின் குரல் மேலோட்டமாக மூச்சு வாங்கியது. "என்னை ஆஸ்பத்திரியில சேர்த்தாச்சு. காலையில தலை சுத்தி விழுந்துட்டேன். இவர் கடையைப் போட்டுட்டு ஓடி வந்துட்டார். அழுத்தம் இறங்கலைன்னா இன்னைக்கே எடுத்துடலாம்னு டாக்டர் சொல்றாங்க. ஏழாம் மாசம்மா. எனக்குப் பயமா இருக்கு. நீ வண்டி ஏறிட்டதானே?"

"ஏறிட்டேன்டா கண்ணு. ஆனா..."

"என்ன ஆனா?"

டீச்சர் சொன்னார். சுற்றி வளைக்காமல் சொன்னார். பொய் சொல்லிப் பழக்கமில்லை. இந்த நேரத்தில் ஒன்றைப் புதிதாகப் பழகவும் முடியாது.

மறுமுனையில் ஆஸ்பத்திரியின் சத்தங்கள் கேட்டன. ஏதோ சக்கரம் உருண்டு போயிற்று.

"அந்தப் பொண்ணு அங்க போயிருக்கான்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாதுடா. பள்ளிக்கூடத்துக்குள்ள போன் எடுக்காது. கேட்கவும் வழி இல்ல."

"போகாமலும் இருக்கலாம்."

"இருக்கலாம்."

"அம்மா," என்றாள் மகள். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். மெல்லத்தான் சொன்னாள். "ஏர்போர்ட்ல என்கிட்டயும் அதைத்தானே சொல்லிட்டுப் போன? போயிட்டு வரேன்னு?"

தச்சர் தொலைபேசியை மனைவியின் கையிலிருந்து வாங்கினார்.

"பாப்பா, அப்பா பேசறேன். நல்லா மூச்சு விடு. அவசரப்படாத. நான் வரேன் உன்கிட்ட."

"அம்மா?"

"அம்மா பின்னாடியே வருவா. முதல்ல நான் வந்து சேர்றேன்."

"நீங்க வந்து என்னப்பா பண்ணுவீங்க இங்க?" அழுகைக்கு நடுவில் அவளுக்குச் சிரிப்பு ஒன்று வந்து போனது.

"தொட்டில் செய்வேன். வேற என்ன தெரியும் எனக்கு?"

சாவடியில் நகரத்துக்குப் போகிற மாவு லாரி ஒன்று நின்றது. ஓட்டுநர் போய்ப் பேசினார். லாரிக்காரன் மாவுத்தூள் படிந்த இருக்கையைத் தன் துண்டால் தட்டிவிட்டு, கீழே இறங்கிவந்து பெட்டியைத் தானே வாங்கிக்கொண்டான். முன்பின் தெரியாத மனிதன். அவனைப் போன்றவர்களை அங்கங்கே நிறுத்திவைத்துத்தான் கடவுள் இந்த உலகத்தை ஓட்டிக்கொண்டிருக்கிறார்.

"நான் போகட்டுமா திரும்பி? நீ மகளைப் பாரு," என்றார் தச்சர், கடைசியாக ஒரு தடவை. "அவளுக்கு இப்ப வேண்டியது நீதான்."

"தெரியும்." டீச்சர் அழவில்லை. "ஆனா சொன்னது நான். உங்களைப் பார்த்தா அந்தப் பொண்ணு எழுந்து வரமாட்டா. நான் வர்ற வரைக்கும் உட்கார்ந்திருப்பா. அவ காத்துக்கிட்டு இருந்து பழகினவ."

தச்சர் லாரியில் ஏறினார். கதவைச் சாத்திக்கொண்டு, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். இத்தனை வருட வாழ்க்கையில் எத்தனையோ தடவை எவ்வளவோ இடங்களுக்குக் கிளம்பியிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் சொன்ன அந்தச் சொல் வாய்வரை வந்தது. இருவருக்கும் அது தெரிந்தது.

"பார்த்துக்க," என்று மட்டும் சொன்னார்.

லாரி கிளம்பியது.

* * *

திரும்பும் வழியில் ஜீப் பறந்தது. எரிந்த வண்டிக்கூடுகள், கூரையில்லாத வீடு, அதன் ஜன்னல் திரை எல்லாம் எதிர்ப்பக்கமாக ஓடின. டீச்சர் வாய்க்குள் எதையோ முணுமுணுத்துக்கொண்டே வந்தார். பிரார்த்தனையா, அந்தப் பெண்ணுக்குச் சொல்லவேண்டிய சமாதானமா என்று அவருக்கே பிரித்துச் சொல்ல முடியாது.

மலைச்சாலை வளைவில் ஓட்டுநர் சட்டென்று வேகத்தைக் குறைத்தார்.

"டீச்சர். அங்க பாருங்க."

கீழே, சாம்பல் நிறச் சரிவின் நடுவில், ஓடைப் பாறையின்மேல் ஒரு மஞ்சள் புள்ளி.

அந்தச் சால்வை பெட்டியில் அடங்கியிருந்தால், அந்தப் பாறைக்கும் அந்தக் குழந்தைக்கும் வித்தியாசம் தெரிந்திருக்காது.

"ஹாரன் அடிக்காதீங்க," என்றார் டீச்சர். "சத்தம் கேட்டா ஓடி வந்துடுவா. மெதுவா போங்க. மெதுவா."

பள்ளிக்கூட வாசலில் சமையல்காரம்மா தலையில் கைவைத்தபடி ஓடிவந்தார்.

"டீச்சர்! மத்தியானம் சாப்பிடல. உங்களுக்காகக் காத்திருக்கேன், உங்களோடதான் சாப்பிடுவேன்னு தட்டைத் தள்ளி வச்சுட்டா. இங்கதான் இருப்பான்னு நினைச்சேன். இப்பதான் பாறைமேல பார்த்தேன். எப்படி அங்க போனாள்னு தெரியல. எந்தப் பக்கமா இறங்கினாள்னும் தெரியல. கூப்பிட்டா எழுந்து வந்துடுவாளோன்னு கூப்பிடக்கூட இல்ல."

"நல்லது பண்ணீங்க. மத்த பிள்ளைங்களை உள்ள வச்சுக் கதவைச் சாத்துங்க. யாரும் சத்தம் போடக்கூடாது." டீச்சர் ஓட்டுநரிடம் திரும்பினார். "வெடி எடுக்கறவங்க எங்க தங்கியிருக்காங்க?"

"பாலத்துக்கு அந்தப் பக்கம் கூடாரம். வேலைக்குப் போயிருந்தா தேடணும்."

"தேடுங்க. கூட்டிட்டு வாங்க."

ஜீப்பின் சத்தம் பாலத்தின் பக்கம் போய்த் தேய்ந்தது.

டீச்சர் கட்டடத்தைச் சுற்றிப் பின்பக்க வேலிக்கு வந்தார். வேலிக்கு அப்பால் கொஞ்சம் தூரம், சிதறாமல் மிச்சமிருந்த கற்கள் வரை நடந்தார். அங்கே நின்றார். கற்களில் வெள்ளை தெரிந்தது. அதற்குமேல் ஒரு அடிகூட வைக்க முடியாது.

சூரியன் மலைமேல் சாய்ந்திருந்தது. காற்று இல்லை. ஓடைத் தண்ணீரின் சத்தம் மட்டும்.

வாயாடி முதுகைக் காட்டி, முழங்காலைக் கட்டிக்கொண்டு, சாலையையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். ஜீப் வந்ததை அவள் பார்த்திருக்க வேண்டும். அது நிற்காமல் வளைவைத் தாண்டிப் பள்ளிக்கூடத்துப் பக்கம் போனதையும். மெல்லத் தலையைத் திருப்பினாள்.

டீச்சரைப் பார்த்தாள்.

அந்த முகத்தில் வந்த வெளிச்சத்தை இத்தனை வருடம் எத்தனையோ குழந்தைகளின் முகத்தைப் பார்த்த டீச்சர் பார்த்ததில்லை. 

"வந்துட்டீங்க!" என்று கத்தினாள் வாயாடி. "விளக்கு வைக்கறதுக்குள்ள வந்துட்டீங்க!"

பாறையிலிருந்து குதித்து இறங்கினாள். தண்ணீரைத் தாண்டிக் கரையில் கால் வைத்தாள். சுற்றி வராமல், நேர்வழியில், டீச்சரை நோக்கி.

வா என்று சொல்லக்கூடாது. வராதே என்று கத்தினால், ஓடி வருகிறவள் காதில் பாதிதான் விழும். டீச்சர் யோசிக்கவில்லை. யோசிக்க நேரமில்லை.

இரண்டு கைகளையும் சேர்த்து, டப் என்று ஒரு தட்டுத் தட்டினார்.

சத்தம் மலையில் பட்டுத் திரும்பி வந்தது.

வாயாடி உறைந்தாள்.

இரண்டு காலும் தரையில். ஒரு கை சால்வையைப் பிடித்தபடி. கண்கள் டீச்சரின் கைகள்மேல்.

டீச்சர் கைகளைப் பிரிக்கவில்லை. மார்புக்கு நேராகச் சேர்த்து வைத்துக்கொண்டார்.

"அப்படித்தான். கெட்டிக்காரி," என்றார். வகுப்பில் பேசுகிற அதே குரலில். "இன்னைக்குக் கொஞ்சம் நீளமான ஆட்டம். மாமாங்க வருவாங்க. அவங்க வந்து உன்னைத் தூக்கற வரைக்கும் ஆட்டம். என் கையையே பாரு. சரியா?"

"சரி டீச்சர்." பிறகு, மிக மெதுவாக, "டீச்சர், எனக்குச் சிவப்பு தெரியுது."

"தெரியும்டா. நீ கல்லைப் பார்க்காத. கையைப் பாரு."

"கை பிரிஞ்சாதான் நான் நகரலாம். இல்லையா?"

"ஆமா. கை பிரிஞ்சாதான்."

"பிரிச்சுடாதீங்க."

"பிரிக்கமாட்டேன்."

பாலத்தின் பக்கமிருந்து வண்டிச் சத்தம் எதுவும் வரவில்லை. மலையின் நிழல் ஓடையைத் தொட்டு, அந்தப் பெண்ணின் காலை நோக்கி ஏறத் தொடங்கியிருந்தது. டீச்சர் வேண்டிக்கொண்டார். கைகள் ஏற்கெனவே கூப்பித்தான் இருந்தன.

அப்போது தோளில் தொங்கிய பையில் தொலைபேசி அடித்தது.

பள்ளிக்கூடம் முழுவதிலும் சிக்னல் கிடைக்கிற ஒரே இடம் இந்தச் சரிவுதான். ஊரிலிருந்து எந்தச் செய்தி வந்தாலும் இங்கே நின்றுதான் கேட்பார்கள்.

அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. நின்றது.

மறுபடியும் அடித்தது.

"டீச்சர், போன் அடிக்குது," என்றாள் வாயாடி.

"அடிக்கட்டும்."

"யாரு?"

டீச்சர் சேர்ந்த கைகளை இன்னும் இறுக்கினார்.  

"என் பொண்ணுடா."

வாயாடி அந்தக் கைகளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நிழல் அவள் பாதத்தை மூடியது. பை இன்னும் அதிர்ந்துகொண்டிருந்தது.

"அவளும் உங்களுக்காகக் காத்துக்கிட்டு இருக்காளா?" என்று கேட்டாள்.